சீசருக்கு ஏக்கமா, எடையா?

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் சீசருக்கு ஐந்தரை வயது. ஆண். இரண்டு வருஷம் முன்பு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டோம். என் மகன்தான் அவனுக்கு எல்லாம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இருவரும் ஆறரைக்குத்தான் வருவார்கள். போன ஜூலையில் மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். அதிலிருந்து சீசர் பழைய சீசர் இல்லை. எந்நேரமும் படுக்கை. பந்தைப் போட்டால் திரும்பிப் பார்க்கிறான், எழுந்திருப்பதில்லை. மாடிப்படி ஏற யோசிக்கிறான். வீடியோ காலில் மகன் குரல் கேட்டால் வாசலுக்கு ஓடிப்போய் நிற்கிறான். சாப்பாடு மட்டும் குறையவில்லை. காலையில் அரை லிட்டர் பால், மாமனார் காபி குடிக்கும்போதெல்லாம் மேரி பிஸ்கட், மதியம் முட்டையோடு தயிர்சாதம், ராத்திரி கோழி ஈரல் போட்டுப் பிசைந்த சாதம், அதன் மேல் கடையில் வாங்கும் பாக்கெட் உணவு ஒரு கை. எடை 41 கிலோ. மழைக்காலத்தில் உண்ணி நிறைய இருந்தது, கையால் எடுத்துப் போட்டோம். இந்த வருஷ ஊசி விட்டுப்போய்விட்டது. ஏங்கிப் போய்விட்டான் என்கிறார்கள் எல்லோரும். துணைக்கு ஒரு குட்டி வாங்கலாமா டாக்டர்?
(வாசகி, திருச்சி)

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டேன். ஒன்று, 41 கிலோ. இன்னொன்று, மாடிப்படி ஏற யோசிக்கிறான்.

நாய்க்கு ஏக்கம் வராது என்று சொல்ல மாட்டேன். வரும். ஆனால் ஏக்கம் என்று நாம் பெயர் வைத்துவிட்டால் அதோடு தேடுவதை நிறுத்திவிடுகிறோம், அதுதான் எனக்குப் பயம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டுப் பெரியவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லையாம். "அவர் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்குது சார்" என்று அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார். எனக்கும் தொண்டை அடைத்தது. பழக்க தோஷத்தில் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி. ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்களின் எண்ணிக்கை தரையைத் தொட்டிருந்தது. உண்ணிக் காய்ச்சல். நாலு வார மாத்திரையில் எழுந்து ஓடியது. பெரியவரை அது தேடியிருக்கலாம்தான், ஆனால் ஏக்கம் என்றே விட்டிருந்தால் அடுத்த வாரம் அதுவும் போயிருக்கும்.

அதனால் முதலில் உடம்பு, அப்புறம் மனசு.

இப்போதே, கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, சீசரின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். லாப்ரடாருக்குச் சில இடங்களில் ஈறே கறுப்பாக இருக்கும், அதை விட்டு சிவப்பான இடத்தில் பாருங்கள். வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், அல்லது மூத்திரம் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், மீதியைப் படிக்க வேண்டாம். ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

ஈறு நன்றாக இருந்தாலும் இந்த வாரமே ஒரு முறை கூட்டிக்கொண்டு போய் ரத்தம் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் எர்லிக்கியா என்று ஒரு வகை. மழைக்காலத்தில் உண்ணி கடிக்கும்போது உடம்புக்குள் போய் மாதக்கணக்கில் அமைதியாகக் கிடக்கும், சில நாய்களில் வருஷக்கணக்கில்கூட. சோர்வைத் தவிர வெளியே ஒன்றும் தெரியாது. ரத்த எண்ணிக்கையோடு தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவயது நாய் ஒன்று குண்டாகிக்கொண்டே சோம்பிப் போனால், அதுவும் வால் முடி உதிர்ந்து எலிவால் மாதிரி ஆனால், தைராய்டு குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையில் சரியாகிற விஷயம் அது. மூன்றாவது, இடுப்பும் முழங்காலும். உட்கார்ந்து எழும்போது பின்காலை ஒரு பக்கமாகச் சரித்து வைக்கிறானா, ஓடும்போது இரண்டு பின்காலும் முயல் மாதிரி ஒன்றாகத் துள்ளுகிறதா என்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனைக்கு வந்தால் பயத்தில் எல்லா நாயும் நன்றாக நடக்கும். எக்ஸ்ரே தேவைப்பட்டு உள்ளூரில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

மூட்டு வலியில் நாய் கத்தாது. படியைப் பார்த்து யோசிக்கும், பந்தைப் பார்த்துத் திரும்பிப் படுக்கும். அதை நாம் சோகம் என்று படித்துக்கொள்கிறோம். ஒன்று சொல்லிவிடுகிறேன், வலிக்கிறது என்று வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாம் போடும் புரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் வேண்டாம்.

இனி 41 கிலோ. ஆண் லாப்ரடார் பொதுவாக 29 முதல் 36 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சீசரின் எலும்புக்கூட்டை நான் பார்த்ததில்லை, ஆனாலும் 33ஐக் குறி வைக்கலாம் என்று நினைக்கிறேன். தராசைவிட நம்பகமானது உங்கள் கை. உள்ளங்கையைக் கீழே பார்த்து நீட்டி, புறங்கை எலும்புகளை மற்ற கை விரலால் தடவிப் பாருங்கள். சீசரின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட வேண்டும். கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு. முஷ்டி மடக்கிய கணு மாதிரி உறுத்தினால் மெலிவு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். அவன் இப்போது மேலிருந்து பார்த்தால் பத்தாயம் மாதிரி இருப்பான் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"நல்லா சாப்பிடுறான், அதனால் ஆரோக்கியம்தான்" என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்று தின்ற அளவைவிடக் கால் பங்கு குறைவாகவே அதன் ஜோடிக்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைத்துத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வருஷமே வாழும் ஜீவனுக்கு இரண்டு வருஷம் என்றால் எவ்வளவு என்று பாருங்கள்.

சீசர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் லாப்ரடார்களின் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இந்தக் குறை இருக்கிறது. "வயிறு நிறைந்தது" என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போகாது. போதாததற்கு, சும்மா படுத்திருக்கும்போது இவை மற்ற லாப்ரடார்களைவிடக் குறைவான கலோரியைத்தான் எரிக்கின்றன என்றும் பின்னால் தெரிய வந்தது. ஆகவே உங்கள் மாமனார் முன்னால் அவன் வைத்துக்கொள்ளும் அந்த முகம் நடிப்பாகவே இருக்க வேண்டியதில்லை, நிஜமாகவே பசிக்கலாம். ஆனால் பசிக்கிறது என்பதால் தேவைப்படுகிறது என்று ஆகிவிடாது. ஆபரேஷன் செய்த நாய்க்குத் தேவை இன்னும் கொஞ்சம் குறையும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 33 கிலோவுக்கு இறங்க வேண்டிய நாய்க்கு, நாள் முழுவதற்கும் 900 முதல் 1000 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. மாமனார் நாளுக்கு மூன்று காபி, காபிக்கு நாலு பிஸ்கட் என்று வைத்துக்கொள்கிறேன் (குறைத்துத்தான் சொல்கிறேன் என்று சந்தேகம்). பன்னிரண்டு பிஸ்கட், 300 கலோரி. அரை லிட்டர் பால் இன்னொரு 300. தயிர்சாதம் வருவதற்கு முன்பே அன்றைய பங்கில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பாகம் முடிந்துவிட்டது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சரியாகச் செரிப்பதும் இல்லை. மலம் இளகிப் போகிறது என்றால் முதலில் பாலைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டை எடுத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சோறே கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஓநாயிலிருந்து பிரிந்து மனிதன் வாசலுக்கு வந்த நாய், நம் சோற்றைச் செரிக்கவும் கற்றுக்கொண்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இருப்பதைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகப் பிரதிகள் இருக்கின்றன. ஆனால் தயிர்சாதம் மட்டுமே உணவாக இருக்க முடியாது. தட்டில் புரதம் முந்த வேண்டும். உப்புப் போடாமல் வேகவைத்த கோழிக்கறி, முட்டை, அதற்கு ஈடாகப் பூசணியோ பீன்ஸோ, கடைசியில் ஒரு கை சோறு. ஈரல் வாரத்துக்கு இரண்டு முறை, கொஞ்சமாக. தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். வீட்டுச் சாப்பாடு மட்டும் என்றால் கால்சியம் போதாது, அதற்கு மருத்துவரிடம் மருந்து கேட்டு வாங்குங்கள். அந்த வேலையெல்லாம் முடியாது என்றால் பாக்கெட் உணவையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் "ஒரு கை" என்பதை விட்டு சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கையின் அளவு அன்றைய பாசத்தைப் பொறுத்து மாறும். சாம்பார்ச் சாதம் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் ஆபத்து, சிறுநீரகத்தையே நிறுத்திவிடும்.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள், நடக்காது. பேரன் விடுதிக்குப் போனது அவருக்கும்தான் வெறிச்சென்று இருக்கும். காலையிலேயே சீசரின் அன்றைய பங்கிலிருந்து ஒரு பிடி பாக்கெட் உணவை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அவர் நாற்காலி பக்கத்தில் வைத்துவிடுங்கள். கூடவே நறுக்கிய வெள்ளரி, கேரட். எத்தனை முறை கை நீண்டது என்பதைத்தான் நாய் கவனிக்கிறது, எவ்வளவு பெரியது என்று பார்ப்பதில்லை. ஒரு பிஸ்கட் தந்தே ஆக வேண்டும் என்றால் எட்டாக உடைத்து எட்டு முறை தரட்டும்.

வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டாம். எட்டுக் கிலோவுக்கு நாலைந்து மாதம் ஆகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடை பாருங்கள். அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறும் வேலை வேண்டாம், உங்கள் முதுகு போய்விடும். மருத்துவமனையில் எடைமேடை இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் நாயை அரிசி மண்டித் தராசில் நிறுத்துகிறார். மூட்டை ஏற்றும் பையன்கள் தேதி போட்டுச் சுவரில் எழுதி வைக்கிறார்களாம்.

சரி, இப்போது மனசுக்கு வருவோம்.

மகன் போனபோது சீசருக்கு அவன் மட்டுமா போனான்? ஐந்தரை மணி போயிற்று. ஒரு மணி நேரத் தெரு போயிற்று. எந்தத் தூணில் எந்த நாய் நேற்று வந்தது, கறிக்கடைக்காரர் எங்கே தண்ணீர் ஊற்றினார், இதெல்லாம் அவனுக்குச் செய்தித்தாள். நமக்கு மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். அப்படிப்பட்ட மூக்கை ஏழெட்டு மாதமாக டைல்ஸ் தரையையே முகர வைத்திருக்கிறோம். இப்போது அவனை யார் வெளியே கூட்டிப்போகிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் தவறாக நினைத்தால் மன்னியுங்கள், கேட் வரை போய்வருவதை வாக்கிங் என்று கணக்கில் எடுக்க முடியாது.

காலை ஆறு மணிக்கு ஒரு பதினைந்து நிமிஷம், மாலை வெயில் தாழ்ந்து ஒரு பதினைந்து நிமிஷம் போதும், ஆரம்பத்துக்கு. நீங்களே போகலாம். கழுத்துப் பட்டையைவிட மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை உங்கள் கைக்கும் அவன் தொண்டைக்கும் நல்லது. வேகமாக நடக்க வைக்க வேண்டாம். இந்த எடையில் ஓட்டமும் துள்ளலும் முழங்கால் நாரை அறுத்துவிடும். அவன் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள், முகர்ந்து முடிக்கட்டும். மோப்பம் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கும் பதினைந்து நிமிஷத்துக்குப் பிறகு எப்படித் தூங்குகிறான் என்று பாருங்கள். வீட்டுக்குள்ளும் அவன் உணவைத் தட்டில் கொட்டுவதற்குப் பதில், பழைய துண்டைச் சுருட்டி மடிப்புக்குள் போட்டு வையுங்கள், அட்டைப் பெட்டிக்குள் ஒளித்து வையுங்கள். மாடிக்கு ஏற வேண்டாம், அவன் படுக்கையைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். வழுக்கும் தரையில் அவன் அதிகம் நடக்கும் தடத்தில் ரப்பர் விரிப்பு போட்டால் எழுவது சுலபமாகும்.

வீடியோ கால் தினமும் வேண்டாம். குரல் மட்டும் வந்து ஆள் வராமல் போவது அவனை வாசலில் நிறுத்துகிறது. மகனிடம் துவைக்காத டி-சர்ட் ஒன்றைக் கொடுத்தனுப்பச் சொல்லி சீசரின் படுக்கையில் போடுங்கள். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் நாய்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விழித்தபடியே படுக்கப் பழக்கி, பல வாசனைகளைக் காட்டிப் பார்த்தார்கள். நல்லது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் மூளைப் பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் அதிகம் துலங்கியது. அந்த மனிதர் அறையில்கூட இல்லை.

உண்ணி பற்றி. கையால் எடுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நகத்தால் நசுக்காதீர்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். ரத்தம் குடித்துக் கொட்டைமுத்து மாதிரி உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கட்டில் காலடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் வீட்டுக்கும் வைத்தியம் வேண்டும். விரிசலைப் பூசுங்கள், அவன் படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். நாய்க்கு எடைக்கு ஏற்ற மாத்திரை வந்திருக்கிறது, ஒன்று மாதத்துக்கு, இன்னொன்று மூன்று மாதத்துக்குத் தாங்கும். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தையும் மண்ணெண்ணெயையும் மட்டும் தொடாதீர்கள். அதைப் பூசி நுரை தள்ளி வந்த நாய்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

ஊசி விட்டுப்போனதற்கு முதலிலிருந்து எல்லாம் போட வேண்டியதில்லை. வெறிநோய்க்கு ஒன்று, கூட்டுத் தடுப்பூசி ஒன்று போதும். எலிக்காய்ச்சலுக்கு மட்டும் நீண்ட இடைவெளி விழுந்திருந்தால் சில வாரம் விட்டு இரண்டாவது ஊசி போடச் சொல்வார்கள். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து பரவும் நோய் அது, நாயிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் வரும். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒன்று.

பல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கருப்பி என்று ஒரு நாட்டு நாய். ஒரு நாள் அவள் இடது கண்ணுக்குக் கீழே சிறு வீக்கம். குளவி கொட்டியிருக்கும் என்று நானே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அதில் சீழ் வந்தது. வாயைத் திறந்தால் மேல் கடைவாய்ப் பெரிய பல் பாக்குப் பிளந்த மாதிரி சீவி நிற்கிறது. பக்கத்துக் கறிக்கடையிலிருந்து நான் ஆசையாக வாங்கிப் போட்ட மாட்டெலும்பின் வேலை. ஊர் நாய்க்கெல்லாம் வாய் பார்க்கும் வைத்தியன் தன் வீட்டு நாயின் வாயைப் பல மாதம் பார்க்கவில்லை. அதிலிருந்து ஞாயிறு காலை, எண்ணெய் தேய்க்கிற மாதிரி, அவளை மூக்கிலிருந்து வால் வரை கையால் தடவிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். உதடு, பல், காதுக்குள் வாடை, அக்குள், விரலிடுக்கு, வயிறு, நகம். பத்து நிமிஷம். சீசருக்கும் இதைச் செய்யுங்கள். கட்டி, உண்ணி, புண் எதுவும் கைக்குத் தப்பாது. அவனுக்கும் பிடிக்கும். எலும்பு வேண்டவே வேண்டாம், வேகவைத்த கோழி எலும்பு உட்பட.

மே மாதம் மகன் விடுமுறைக்கு வருவான். வந்ததும் பழைய ஆசையில் இருவரும் ஓடக் கிளம்புவார்கள். அப்போதும் சீசர் 36, 37 கிலோவில்தான் இருப்பான், வெளியே திருச்சிக் கத்திரி வெயில் இருக்கும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை விட வேண்டும், கொழுப்பு அதற்குக் கம்பளி போர்த்தியது மாதிரி. காலை ஏழு மணிக்கு மேல் வெயில் தாழும் வரை வெளியே வேண்டாம். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது. நாக்கு நீண்டு கருஞ்சிவப்பாகி, எச்சில் கோந்து மாதிரி தொங்கி, கால் தள்ளாடினால் அந்த இடத்திலேயே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறிவிட்டு, அப்புறம் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். நனைக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுவதில்தான் பல நாய்கள் வழியிலேயே போகின்றன.

கடைசியாக, குட்டி. இப்போது வேண்டாம். மூட்டு வலிக்கிற நாய் மேல் ஏறி விளையாடும் குட்டி அவனுக்குத் துணை இல்லை, தொந்தரவு. அவன் ஒரு நாள் உறுமிவிட்டால் "பொறாமை பிடித்தவன்" என்ற பெயரும் வரும். இரண்டு நாய்க்கு இரண்டு வாக்கிங், இரண்டு ஊசி, மாமனாருக்கு இரண்டு டப்பா. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். சீசர் 33 கிலோவைத் தொட்டு, காலை ஆறு மணிக்கு அவனே பட்டையைக் கவ்விக்கொண்டு வந்து உங்களை எழுப்புகிற நாள் வந்த பிறகும் குட்டி ஆசை இருந்தால், அப்போது பேசுவோம்.